பவளப்பாறை எப்படி மாறும்? எக்செல் தாளிலேயே மாடல் போட்டுப் பார்க்கலாம்

பவளப்பாறைக்கு மாடல் போட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கடல் வெப்பநிலையைத்தான் தேடிப் போகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாதக்கணக்கில் வெப்பநிலைக் கோப்புகளை இறக்கி வைத்துக்கொண்டு, அவற்றை எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியாமல் நின்றேன். வெப்பம் முக்கியம்தான், அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் முதலில் பிடிபட வேண்டியது வேறு: பாறையின் மேல் நடப்பது இடத்துக்கான போட்டி. ஒரு சாண் பாறை காலியானால் அதை யார் முந்திப் பிடிக்கிறார், பிடித்தவரை யார் அப்புறப்படுத்துகிறார், இந்தக் கணக்கை எழுதிவிட்டால் புயல், வெப்பம், நோய், மீன்பிடி என்று எல்லாவற்றையும் அதற்கு மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். எக்செலோ கூகுள் ஷீட்ஸோ போதும், பைத்தான் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். பிளஸ் டூ கணக்கு மறக்காமல் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் முதல் வரைபடம் வந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு ஜமைக்காவை எடுத்துக்கொள்கிறேன். பவளப்பாறை ஒன்று கண்ணெதிரே தலைகீழாக மாறிய கதை அங்கேதான் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1977இல் அந்தத் தீவைச் சுற்றியுள்ள பாறைகளில் சராசரியாக 52 சதவீத இடத்தில் உயிருள்ள பவளம், 4 சதவீதத்தில்தான் பெரிய கடற்பாசி. 1990களின் தொடக்கத்தில் பவளம் 3, பாசி 92. பவள ஆய்வாளர் டெரி ஹியூஸ் 1994இல் இந்தக் கணக்கைத் தொகுத்து வெளியிட்டபோது படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். நடுவில் நடந்தது இதுதான். பாசியை மேய்கிற கிளிமீன் வகைகளை அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாகக் கூண்டு வைத்துப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். மேய்கிற வேலையை நீள நீளக் கறுப்பு முள் உள்ள டயடிமா என்ற கடல் முள்ளெலி மட்டும் செய்துகொண்டிருந்தது. 1980 ஆகஸ்டில் ஆலன் புயல் வந்து கிளைக் கிளையாக வளரும் பவளங்களை நொறுக்கிப் போட்டது. 1983 ஜனவரியில் பனாமாப் பக்கம் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. அந்தச் சாவு ஏறக்குறைய ஒரு வருஷத்தில் கரீபியன் கடல் முழுக்கப் பரவி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கொண்டுபோனது. ஜமைக்காவை அந்த வருஷ நடுவிலேயே எட்டிவிட்டது. 1988 செப்டம்பரில் கில்பர்ட் புயல். மேய ஆளில்லாத பாறையில் பாசி ஏறி உட்கார்ந்தது.

இதைக் கணக்காக்க வேண்டும்.

மூன்றே வகை

பாறை மேல் ஆயிரம் உயிர்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் எழுத ஆசையாக இருக்கும். வேண்டாம். முதல் மாடலில் மூன்று பேர் போதும்: பவளம், பாசி, தரை. பாசி என்றால் இங்கே இலை இலையாக வளர்ந்து நிழல் போடும் பெரிய கடற்பாசி. தரை என்றால் மேய்ந்து மேய்ந்து மொட்டையாக்கப்பட்ட பாறை. மயிரளவு பச்சை அதில் எப்போதும் இருக்கும், ஆனால் பவளக் குஞ்சு வந்து ஒட்ட இடம் இருக்கும். மூன்றையும் கூட்டினால் எப்போதும் 1. அதனால் பவளத்தையும் பாசியையும் கணக்குப் போட்டால் போதும், மீதி தரை.

இனி யார் யாரிடமிருந்து இடம் பிடிக்கிறார்கள் என்று வரிசையாக வாயால் சொல்லிப் பாருங்கள். பவளம் தரையில் பரவுகிறது. பவளம் சாகிறது, செத்த இடம் தரையாகிறது. பாசி தரையில் பரவுகிறது. பாசி உயிருள்ள பவளத்தின் மேலும் ஏறிக்கொள்கிறது. மேய்கிறவை பாசியைத் தின்று தரையாக்குகின்றன. ஐந்தே வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தால் மாடல் தயார்:

பவள மாற்றம் = (1.0 × தரை × பவளம்) − (0.44 × பவளம்) − (0.1 × பாசி × பவளம்)

பாசி மாற்றம் = (0.8 × பாசி × தரை) + (0.1 × பாசி × பவளம்) − (மேய்ச்சல் × பாசி ÷ (பாசி + தரை))

தரை = 1 − பவளம் − பாசி

இவை நான் கண்டுபிடித்தவை அல்ல. பீட்டர் மம்பி, ஆலன் ஹேஸ்டிங்ஸ், ஹெலன் எட்வர்ட்ஸ் மூவரும் கரீபியன் பாறைகளுக்காக 2007இல் வெளியிட்ட மாடல் இது, எண்களும் அந்த வேலையிலிருந்து வந்தவை. மாற்றம் என்பது ஒரு வருஷத்துக்கான வேகம். மேய்ச்சல் என்ற எண்ணை மட்டும் நாம் திருகிப் பார்க்கப் போகிறோம்.

மேய்ச்சலை ஏன் (பாசி + தரை) ஆல் வகுக்கிறார்கள் என்பதில் கொஞ்சம் நில்லுங்கள், இந்த மாடலின் உயிரே அதில்தான் இருக்கிறது. பத்து ஆட்டை நாலு ஏக்கரில் விட்டால் புல் தலையெடுக்காது. அதே பத்து ஆட்டை ஒன்பது ஏக்கரில் விட்டால் ஆடு ஒரு மூலையில் மேய்ந்துகொண்டிருக்கும்போதே மறு மூலையில் புல் முழங்கால் உயரம் வந்துவிடும். கிளிமீனும் முள்ளெலியும் உயிருள்ள பவளத்தில் பெரிதாக மேய்வதில்லை, மீதி இடத்தில்தான் மேய்கின்றன. பவளம் 56 சதவீதம் இருந்தால் அவற்றுக்கு மேய 44 சதவீத இடம், அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். பவளம் 10க்கு இறங்கிவிட்டால் அதே மீன்கள் 90 சதவீத இடத்தைக் காக்க வேண்டும், முடியாது. பவளம் குறைவதே பாசிக்கு உதவியாகிறது, பாசி கூடுவது பவளத்தை இன்னும் குறைக்கிறது. சுழல் இப்படித்தான் தொடங்குகிறது.

ஒரு வரியைக் கையால் போடுங்கள்

தாளைத் திறந்ததும் கீழே இழுத்து நிரப்ப அவசரப்படாதீர்கள். முதல் வரியைக் கால்குலேட்டரில் போடுங்கள். 1977 ஜமைக்கா: பவளம் 0.52, பாசி 0.04, தரை 0.44. மேய்ச்சல் 0.3 என்று வையுங்கள்.

பவளம் தரையில் பரவுவது 0.44 × 0.52, அதாவது 0.2288. பவளம் சாவது 0.44 × 0.52, அதுவும் 0.2288. இரண்டும் கழிந்துபோகின்றன. மிச்சம் பாசி மேலேறியது மட்டும், 0.1 × 0.04 × 0.52 = 0.00208. ஆக பவளம் அந்த நொடியில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. பாசிக்கு: தரையில் பரவுவது 0.8 × 0.04 × 0.44 = 0.01408, பவளத்தின் மேல் ஏறியது 0.00208, மேய்ச்சலில் போனது 0.3 × 0.04 ÷ 0.48 = 0.025. நிகரம் −0.00884. பாசி குறைகிறது.

இப்போது மேய்ச்சலை மட்டும் 0.1 ஆக்குங்கள். போனது 0.00833 ஆகிறது, நிகரம் +0.00783. பாசி கூடுகிறது. ஒரே எண், அடையாளம் மாறிவிட்டது. அந்தப் பாறையில் முங்கிப் பார்க்கிறவருக்கு அன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, பவளம் அதே 52தான்.

அடுத்த வரிக்கு: பழைய மதிப்பு + (மாற்றம் × காலத்துண்டு). காலத்துண்டு 0.1 வருஷம் வையுங்கள். ஒரு வருஷத்துக்கு ஒரே வரி என்று சோம்பேறித்தனமாக வைத்தால் வளைவுகள் கோணல்மாணலாகும், வேறு எண்களில் எதிர்மறை மதிப்புகூட வந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் மூன்றையும் கூட்டி 1 வருகிறதா, எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லையா என்று பார்க்க ஒரு தனி நெடுவரிசை போட்டுவிடுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே அகப்படும்.

இன்னொரு பள்ளம். தொடக்கத்தில் பாசியைச் சரியாக 0 என்று வைத்தால் அது கடைசி வரை 0தான், ஏனென்றால் பாசி மாற்றத்தின் எல்லா உறுப்பும் பாசியால் பெருக்கப்பட்டது. மேய்ச்சலே இல்லாமல்கூட பாறை ஜம்மென்று இருப்பதாக வரைபடம் காட்டும். 0.001 ஆவது கொடுங்கள். பவளத்துக்கும் அதேதான்.

எல்லைகளைத் தேடுங்கள்

தாள் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் 2050இல் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் ஓடுவார்கள். அதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மேய்ச்சலை 0.05 முதல் 0.50 வரை 0.05 இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை ஓட்டுங்கள்: ஒரு தடவை பவளம் நிறைந்த பாறையிலிருந்து (பவளம் 0.55, பாசி 0.001), இன்னொரு தடவை பாசி மூடிய பாறையிலிருந்து (பவளம் 0.01, பாசி 0.7). 500 வருஷம் ஓடட்டும். கடைசிப் பவள மதிப்பை மட்டும் குறித்துக்கொண்டு இரண்டு கோடுகளாக வரையுங்கள்.

பவளம் நிறைந்த பாறை 0.20இல் நிற்கிறது, 0.15இல் விழுகிறது. காகிதத்தில் தீர்த்தால் துல்லியமான எல்லை 0.18. பாசி மூடிய பாறையோ 0.20இல் மீளாது, 0.30இல் மீளாது, 0.35இலும் மீளாது. 0.39ஐத் தாண்டினால்தான் பவளம் திரும்ப வரும். 0.18க்கும் 0.39க்கும் நடுவில் பாறை எந்தப் பக்கம் நிற்கும் என்பது அது எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. மேய்ச்சல் 0.15க்கு விழுந்ததால் அழிந்த பாறையை 0.20க்கு உயர்த்தி மீட்க முடியாது, அந்த 0.20ஐயும் கிட்டத்தட்ட இரண்டு பங்காக்க வேண்டும். அப்படியும் 0.40இல் ஓட்டிப் பார்த்தால் பவளம் 1 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரவே நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மீன்பிடித் தடை போட்டு ஐந்து வருஷத்தில் பவளம் வரவில்லையே என்று கேட்கிறவர்களிடம் நான் இந்த ஒரு வரைபடத்தைத்தான் காட்டுவேன்.

ஜமைக்காவோடு ஒட்டிப் பாருங்கள். பாசி இல்லாத பாறையில் மாடல் சொல்லும் நிலையான பவள அளவு 56 சதவீதம். 1977இல் இருந்தது 52. மேய்ச்சல் 0.1இல் மாடல் சொல்லும் முடிவு பாசி 87.5, பவளம் 0. நிஜத்தில் 92, 3. மூன்று வகை, ஐந்து எண் வைத்த மாடலுக்கு இது பெரிய விஷயம்.

அதே 15 சதவீதம், இரண்டு தலைவிதி

மேய்ச்சலை 0.3இல் வைத்து இரண்டு பாறைகளை ஓட்டுங்கள். இரண்டிலும் பவளம் 15 சதவீதம். முதலாவதில் பாசி 4, இரண்டாவதில் பாசி 30.

முதல் பாறை ஐந்தாறு வருஷத்தில் 40ஐத் தாண்டிவிடுகிறது. புயல் அடித்த பாறை மீள்வது இப்படித்தான்.

இரண்டாவதைக் கவனமாகப் பாருங்கள், வரி வரியாக. பவளம் முதலில் கூடுகிறது. ஒரு வருஷத்தில் 16ஐத் தொடுகிறது. இரண்டரை வருஷம் போல ஆனதும் பதினாறரையைத் தாண்டி நிற்கிறது. அங்கிருந்து இறங்க ஆரம்பித்து மறுபடி ஏறுவதே இல்லை. இறக்கம் மெதுவானது, பாசி முழுசாக ஆளும் நிலைக்கு வர இருபது வருஷத்துக்கு மேல் எடுக்கிறது. மூன்று வருஷத் திட்டம் ஒன்றில் இந்தப் பாறையை அளந்தவர் "மீண்டு வருகிறது" என்று நேர்மையாகவே எழுதி முடித்திருப்பார்.

அதுவும் அளவில் தெரிந்திருந்தால்தான். கடலுக்கடியில் எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள்: பவளப்பாறைகளைக் கண்காணிக்கும் ரீஃப் செக் அமைப்பின் முறையில் 20 மீட்டர் நீளமுள்ள நான்கு துண்டாக நாடாவை விரித்து, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் நாடாவுக்கு நேர் கீழே இருப்பது பவளமா, பாசியா, பாறையா என்று குறிப்பார்கள். மொத்தம் 160 புள்ளி. 15 சதவீதம் என்றால் 24 புள்ளி. பதினாறரை என்றால் 26, 27. நாடா ஒரு சாண் தள்ளி விழுந்தாலே இந்த அளவு மாறும். புள்ளிக் கணக்கின் பிழையே கூடக்குறைய ஐந்தரை சதவீதம் வரை போகும். ஆகவே பவளத்தின் அளவை மட்டும் வைத்து மாடலைச் சரிபார்க்காதீர்கள். களத்திலிருந்து மூன்று எண்ணாவது வாங்குங்கள்: பவளம், பெரிய பாசி, மேய்கிற உயிர்களின் எண்ணிக்கை. பல அறிக்கைகளில் பவளம் மட்டும் அட்டவணையில் இருக்கும், பாசி "மற்றவை" என்ற பத்தியில் மணலோடு சேர்ந்து கிடக்கும். அந்த அறிக்கையை வைத்து இந்த மாடலைத் தொடங்கவே முடியாது. அளந்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், மூலப் புள்ளிகள் பெரும்பாலும் யாருடைய கணினியிலாவது இருக்கும்.

இனி ஜமைக்காவை வருஷப்படி ஓட்டுவோம்

மேய்ச்சலை இரண்டு நெடுவரிசையாகப் பிரியுங்கள்: முள்ளெலி 0.3, மீன் 0.1, கூட்டினால் 0.4. இந்தப் பிரிப்பு என் அனுமானம், அளந்து வந்ததல்ல, தாளில் அப்படியே எழுதி வையுங்கள். 1977இல் தொடங்கி, 1980 ஆகஸ்ட் வரியில் பவளத்தைப் பாதியாக்குங்கள் (போன பாதி தரைக்குப் போகட்டும்). 1983 நடுவில் முள்ளெலியை 0 ஆக்குங்கள். 1988 செப்டம்பரில் மறுபடி பவளத்தைப் பாதியாக்குங்கள். புயல் சேதத்தைப் பாதி என்று வைத்ததும் அனுமானம்தான்.

என் தாளில் 1993இல் பவளம் இன்னும் 40ஐத் தாண்டி இருந்தது, பாசி 10 சதவீதம் போல. நிஜத்தில் 3, 92. பவளம் 5க்குக் கீழே இறங்க தாளில் இன்னும் பதினைந்து வருஷம் போல ஓட வேண்டியிருந்தது.

போய்ச் சேரும் ஊர் சரி, போகிற வேகம் தப்பு. இந்த இடத்தில்தான் பலர் எண்களைத் திருகித் திருகி வளைவை நிஜத்தோடு ஒட்டவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எங்கே பிந்துகிறது என்று வரிகளைத் திரும்பப் படியுங்கள், மாடல் எதை விட்டுவிட்டது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

முதலாவது, 1977க்கும் 1983க்கும் நடுவில் மேய்ச்சல் 0.4 இருந்ததால் தாளில் பாசி 1 சதவீதத்துக்கும் கீழே தேய்ந்துவிட்டது. முள்ளெலி செத்த பிறகு அந்தத் துளியிலிருந்து வளர்ந்து வரவே வருஷங்கள் போய்விட்டன. நிஜப் பாறையில் பாசிக்கு எப்போதும் ஒளிவிடம் உண்டு. இடுக்கு, பொந்து, தன் எல்லைக்குள் யாரையும் மேயவிடாத டாம்செல் மீன்களின் தோட்டம். பக்கத்துப் பாறையிலிருந்து வித்துகளும் வந்துகொண்டே இருக்கும். அதனால் பாசி மாற்றத்தில் தரையைப் பொறுத்து ஒரு சிறு வரத்தைச் சேர்க்க வேண்டும், 0.01 × தரை என்ற மாதிரி.

இரண்டாவது, ஆலன் புயலுக்குப் பிறகு தாளில் பவளம் மூன்றே வருஷத்தில் 27இலிருந்து 45க்கு வந்துவிட்டது. நிஜத்தில் நொறுங்கிய கிளைப் பவளங்களில் தப்பிப் பிழைத்த துண்டுகளும் அடுத்தடுத்த மாதங்களில் பெருமளவு செத்துப்போயின. நோய், பவளம் தின்னும் நத்தை, எல்லாம் மிச்சமிருந்த கொஞ்சத்தின் மேல் குவிந்தன. மாடல் எல்லாப் பவளத்தையும் ஒரே ஆளாக நினைக்கிறது. ஆகவே பவளத்தை இரண்டாகப் பிரியுங்கள்: வேகமாக வளர்ந்து புயலில் சட்டென்று உடையும் கிளைப் பவளம், மெதுவாக வளர்ந்து புயலைத் தாங்கும் குண்டுப் பவளம். புயல் வரியில் முதலாவதுக்குப் பெரிய வெட்டு, இரண்டாவதுக்குச் சின்ன வெட்டு. அதோடு, புயலுக்குப் பின் இரண்டு வருஷத்துக்குக் கிளைப் பவளத்தின் சாவு எண்ணைக் கூட்டி வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் தாளை நகலெடுத்துப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு வேகம் கூடியதும், எதனால் கூடியது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

வெப்பத்தைச் சேர்க்கும் இடம்

சரி, இப்போது வெப்பநிலைக் கோப்புகளைத் திறக்கலாம். தினசரி வெப்பநிலையை நேராகச் சமன்பாட்டில் போட வேண்டியதில்லை. அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா பட்டம்-வாரம் என்ற கணக்கை உலகம் முழுக்க இலவசமாகத் தருகிறது. ஓர் இடத்தின் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான சராசரியை எடுத்து, அதைவிட 1 டிகிரியோ அதற்கு மேலோ கூடியிருந்த வாரங்களை மட்டும், எவ்வளவு கூடியது என்பதோடு, கடைசி 12 வாரத்துக்குக் கூட்டுவார்கள். இரண்டு டிகிரி கூடுதலாக மூன்று வாரம் இருந்தால் 6. பொதுவாக 4ஐத் தொட்டால் பவளம் சூடு தாங்காமல் நிறமிழந்து வெளுக்கத் தொடங்கும், 8ஐத் தாண்டினால் பரவலாக வெளுத்துச் சாவும் தொடங்கும். வெளுத்தல் வேறு சாவு வேறு என்பதைத் தாளில் மறக்காதீர்கள். வெளுத்த பவளம் சூடு தணிந்தால் மீளலாம், அதனால் 4க்கும் 8க்கும் நடுவில் பவளத்தை வெட்டாமல் அந்த வருஷம் பரவும் எண்ணை மட்டும் குறைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 8க்கு மேல் போனால் புயல் மாதிரியே ஒரு வெட்டு. எவ்வளவு என்பதை அந்தந்த இடத்துக் கள ஆய்விலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எதிர்காலத்துக்கு ஓட்டும்போது சூடான வருஷங்களைச் சம இடைவெளியில் அடுக்கிவிடாதீர்கள். பத்து வருஷத்தில் இரண்டு சூடான வருஷம் என்றால், அவை ஐந்து வருஷ இடைவெளியில் வருவதும் அடுத்தடுத்து வருவதும் பாறைக்கு ஒன்றல்ல. வருஷத்துக்கு ஒரு சீரற்ற எண் போட்டு, அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால் சூடான வருஷம் என்று வைத்து, ஆயிரம் தடவை ஓட்டுங்கள். ஆயிரம் கோடுகளின் சராசரியை மட்டும் காட்டாதீர்கள். இரண்டு எல்லைக்கு நடுவில் உள்ள பாறையில் பாதிக் கோடுகள் 50இலும் மீதி 0ஐ ஒட்டியும் முடிந்தால், சராசரி 25 என்று வரும், அந்த 25இல் ஒரு பாறைகூட இருக்காது. எத்தனை கோடு எந்தப் பக்கம் முடிந்தது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

இந்த எண்களை மன்னார் வளைகுடாவுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டாம், கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள அந்தத் தீவுகளைச் சுற்றி இருக்கும் பவள இனங்கள் வேறு, மேய்கிறவை வேறு. 1998, 2010, 2016 வெளுப்புகள் நடந்த இடம் அது, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததும் நெடுங்காலம் நடந்தது. வெட்டி எடுத்த இடம் பல இடங்களில் மொட்டைப் பாறையாக இல்லாமல் உடைசலும் மணலுமாகக் கிடக்கும், அதில் பவளக் குஞ்சு ஒட்டாது. ஆகவே உடைசல் என்று நான்காவது வகை ஒன்று வேண்டும். குருசடைத் தீவில் வெளியிலிருந்து வந்த கப்பாஃபைகஸ் பாசி உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து மூடியது. கரீபியன் எண்ணில் அந்த மேலேறும் வேகம் வெறும் 0.1, இங்கே அந்த எண்ணைத்தான் முதலில் அளக்க வேண்டியிருக்கும். சமன்பாட்டின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சதையை அங்கே முங்கி அளந்தவர்களிடமிருந்து வாங்குங்கள்.

கடைசியாக ஒரு ஓட்டம், எனக்கு மிகவும் முக்கியமானது. ஜமைக்காவின் முதல் தாளுக்குத் திரும்பி வாருங்கள். வேறு எதையும் தொடாமல் மீன் நெடுவரிசையை மட்டும் 0.1இலிருந்து 0.3 ஆக்குங்கள், அதாவது கிளிமீன்களை யாரும் பிடித்துத் தீர்க்காத ஜமைக்கா. ஆலன் புயல் வருகிறது, பவளம் பாதியாகிறது. 1983இல் முள்ளெலிகள் அத்தனையும் சாகின்றன, மேய்ச்சல் 0.6இலிருந்து 0.3க்கு விழுகிறது. பாசி வரியைப் பாருங்கள், அது எழவே இல்லை. 1988இல் கில்பர்ட் மறுபடி பாதியாக்குகிறது. 1993 வரியில் பவளம் 50ஐ ஒட்டி நிற்கிறது.